செங்கல் வைத்து அடைத்த பின்வாசல்

அனுப்புநர்:
அ. சூசைதாசன்,
கபே மேல்மாடி,
ஃபாரஸ்ட் கேட்,
லண்டன் ஈ7.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
கட்டடப் பாதுகாப்புப் பிரிவு,
கவுன்சில் அலுவலகம்,
கிழக்கு லண்டன்.

பொருள்: கட்டட உரிமையாளர் அடைத்துவிட்ட பின்வாசலைத் திறப்பிக்குமாறும், அதன் பழியைச் சுமந்து நிற்கும் இத்தாலியத் தம்பதியரின் கபே மீதான தடையை நீக்குமாறும் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் மன்னாரைச் சேர்ந்தவன். இந்நாட்டில் அகதி விண்ணப்பம் செய்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பதாக அறிந்ததால் இதனைத் தமிழில் எழுதுகிறேன். ஷிப்ட் கேட்கவும் பஸ் விசாரிக்கவும் என் ஆங்கிலம் போதும். இந்த விடயத்துக்குப் போதாது.

2. நானும் என் மனைவி டொலறஸும் குடியிருக்கும் மேல்மாடிக்குக் கீழே வின்சென்சோ, கார்மேலா என்ற தம்பதியர் கபே நடத்தி வருகின்றனர். வின்சென்சோ தென் இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து 1950களில் பெட்போர்ட் செங்கற்சூளைக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஒப்பந்தம் முடியும்வரை வேறு வேலைக்குப் போக அவருக்கு அனுமதி இருக்கவில்லை. சூளை வெப்பத்தில் புருவம் கருகியதையும், ஞாயிற்றுக்கிழமைகளில் போவதற்கு இடமின்றி ரயில் நிலையத்தில் போய் அமர்ந்திருந்ததையும் அவர் எனக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பின்னர் கார்மேலாவை அழைத்து, இருவருமாக ஃபாரஸ்ட் கேட்டில் இந்தக் கடையைத் தொடங்கினார்கள். ஆங்கிலேயருக்குப் பிடித்த விதமாகத் தேநீர் போடப் பழகுவதற்குள் வாடிக்கையாளர் பலர் முகம் சுளித்துப் போனார்களாம். இன்று பஸ் சாரதிகளும் எங்கள் ஆட்களும் காலையில் வரிசையில் நிற்கும் கடை அது. பிள்ளைகள் இல்லாத அவர்களுக்கு இந்நாட்டில் உள்ளது அந்தக் கடை ஒன்றுதான்.

3. நாங்கள் குடிவந்தபோது மேல்மாடிக்குத் தனி வழி இருந்தது. பின்வளவிலிருந்து ஒரு கதவு, அதிலிருந்து ஒரு படிக்கட்டு. கடந்த மே மாதம் உரிமையாளர் பின்வளவைக் கார் திருத்துமிடம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கதவைச் செங்கல் வைத்து அடைப்பித்தார். உட்புறத்தில் பூச்சுப் பூசி வெள்ளையும் அடித்தார்கள். கட்டடத்தை ஆளில்லாமல் விற்பதே அவருடைய நோக்கம் என்று அவரது முகவரே எங்களிடம் சொன்னார். அன்று தொடக்கம் நாங்கள் கபே சமையலறை வழியாக இறங்கி, கடையின் முன்வாசலால்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது.

4. முன்வாசலில் உருட்டி இறக்கும் இரும்புக் கதவு உள்ளது. அதன் பூட்டு வெளியே, நடைபாதைப் பக்கம். கடை மூடும் நேரங்களில் அதைப் பூட்டியே வைக்க வேண்டும் என்பது உரிமையாளரின் குத்தகை நிபந்தனை. பூட்டினால் நாங்கள் உள்ளே அகப்பட்டுவிடுவோம். ஆகவே வின்சென்சோ பிளேஸ்டோவிலுள்ள தம் அறையிலிருந்து விடியமுன் வந்து திறப்பதும், நாங்கள் இருவரும் வீடு திரும்பியபின் பூட்டுவதுமாக நாட்களை ஓட்டினார். விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமையிலும் பூசை முடிந்து நேரே வந்து எங்களுக்காகத் திறப்பார்.

5. யூலை மாதத்தில் ஒரு ஞாயிறு, இத்தாலியர் தேவாலயத்தின் கார்மேல் மாதா சுற்றுப்பிரகாரம் நடந்தது. கார்மேலா ஒரு வருடமும் தவறாமல் அதில் நடப்பவர். என் மனைவி நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்ததால் இம்முறை போகாமல் நிற்கவா என்று கேட்டார். டொலறஸ்தான், “இன்னும் நாள் கிடக்கு, நீங்கள் போட்டு வாங்கோ” என்று வற்புறுத்தி அனுப்பினார். அவர்கள் பூட்டிவிட்டுப் போனார்கள். பிற்பகலில் வலி தொடங்கிவிட்டது.

6. டொலறஸைக் கீழே கூட்டிவந்து, கடைக்குள்ளிருந்த தொலைபேசியில் அம்புலன்ஸை அழைத்தேன். வந்தவர்கள் வெளியே நின்றார்கள். நாங்கள் உள்ளே நின்றோம். நடுவில் இரும்பு. அதன் மெல்லிய இடுக்குகளால் அவர்களுடைய சட்டையின் நிறம் மட்டும் தெரிந்தது. மீண்டும் படியேற முடியாமல் டொலறஸ் மேசைகளுக்கு நடுவே தரையில் படுத்துவிட்டார். “என்னால ஏலாது, கதவைத் திறக்கச் சொல்லுங்கோ” என்று கத்தினார். ஐயா, மன்னாரில் இராணுவம் வீதியால் போகும்போது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சடக்கிக் கிடந்திருக்கிறோம். அப்போதெல்லாம் வெளியே நின்றவர்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று மன்றாடினேன். அன்று வந்துவிட வேண்டும் என்று மன்றாடினேன்.

7. தீயணைப்புப் படைக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வருமுன், சுற்றுப்பிரகாரம் முடிந்து திரும்பிய தம்பதியர் வாசலில் அம்புலன்ஸைக் கண்டு திருநாள் உடையோடு ஓடிவந்தனர். பூட்டுத் திறந்தது. ஆனால் கதவு முழங்கால் உயரத்தில் இறுகி நின்றுவிட்டது. அறுபத்தைந்து வயது கடந்த வின்சென்சோ தம் கோட்டோடு நடைபாதையில் மண்டியிட்டு, அதற்குள் தோளைக் கொடுத்து நெம்பினார். அந்தத் தோளுக்குக் கீழாகத்தான் அம்புலன்ஸ்காரர் இருவரும் கார்மேலாவும் ஊர்ந்து வந்தார்கள். கார்மேலா தம் மடியில் என் மனைவியின் தலையை வைத்துக்கொண்டார். எங்கள் மகள் கபே தரையில் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். வின்சென்சோவின் வலக்கை இன்றுவரை தோளுக்கு மேலே எழவில்லை.

8. அதன்பின் அவர் அந்தக் கதவைப் பூட்ட மறுத்துவிட்டார். பூட்டாத கடையைத் தனியே விடவும் முடியாது. ஆகவே இருவரும் பிளேஸ்டோ அறையை விட்டு வந்து, மேசைகளை ஒதுக்கி, மடக்குக் கட்டிலில் கடைக்குள்ளேயே படுக்கிறார்கள். இரும்புக் கதவைப் பூட்டாதது ஒரு குற்றம், கடையில் வசிப்பது இன்னொரு குற்றம் எனக் குறிப்பிட்டு, குத்தகையை முறிப்பதாக உரிமையாளர் அறிவித்துள்ளார். கடை ஒரு நாள் ஆளில்லாமல் கிடந்தாலும் பூட்டை மாற்றிவிடுவேன் என்று முகவர் என் முன்னிலையில் சொன்னார். செப்டெம்பரில் கார்மேலாவின் தம்பி இத்தாலியில் காலமானார். வின்சென்சோவைக் கை விளங்காத நிலையில் தனியே விட்டுப்போக அவர் துணியவில்லை. அடக்கம் நடந்த நேரத்தில் அவர் சமையலறையில் அடுப்பைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

9. அம்புலன்ஸ்காரர்களின் அறிக்கையின் பேரில் ஓகஸ்ட் மாதம் உங்கள் பரிசோதகர் வந்தார். மேல்மாடிக்காரர் சமையலறை வழியாகப் போய்வருவது ஆபத்தானது என்று கண்டு, வேறு வழி அமைக்கும்வரை கபே நடத்தக் கூடாதெனத் தடை விதித்தார். அவர் கண்டது உண்மை. அவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் வெள்ளையடித்த அந்தச் சுவருக்குள் ஒரு வாசல் இருக்கிறது என்பதை அன்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் வேலையில் நின்றேன். வின்சென்சோவுக்குப் பதற்றத்தில் ஆங்கிலம் வாயில் வரவில்லை. வழி அமைக்கும் உரிமை கட்டட உரிமையாளருக்கே உண்டு. அமைக்காமல் இருப்பதே அவருக்கு இலாபம். இதனால் அடைத்தவர் சுகமாக இருக்கிறார். அடைபட்டவர்கள் தண்டனை அனுபவிக்கிறார்கள்.

10. இனி எழுதுவதை வின்சென்சோவுக்கு நான் இதுவரை சொல்லவில்லை. சென்ற வாரம் முகவர் என்னை வேலைத்தலத்தில் வந்து சந்தித்தார். தோர்ண்டன் ஹீத்தில் தனிவாசலுள்ள வீடு ஒன்று தருவதாகச் சொன்னார். பதிலுக்கு, கர்ப்பிணியான என் மனைவியை இத்தாலியர் வேண்டுமென்றே உள்ளே வைத்துப் பூட்டினார் என்று நான் ஒரு வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டும். மறுத்தால், அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவன் வழக்குகளில் மாட்டிக்கொள்வது நல்லதல்ல என்றும் சொல்லிவைத்தார். மறைக்க விரும்பவில்லை ஐயா, அந்தத் தனிவாசலை நான் மனதுக்குள் ஒரு தரம் திறந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து டொலறஸிடம் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அந்த மனுசன் எங்கட பிள்ளைக்காகத் தோளைக் குடுத்தவர். அவருக்கு எதிராக் கையெழுத்து வைச்சிட்டு, எந்த வீட்டில போய் நித்திரை கொள்ளுவம்?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் முகவருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன்.

11. ஆதலால் தாங்கள் தயவுசெய்து:
(அ) ஒரு பகல் வேளையில் நேரில் வந்து, கார் திருத்துமிடத்தின் பக்கமாக நின்று அந்தச் சுவரைப் பார்வையிட வேண்டும். வெளிப்புறத்தில் பூச்சு இல்லை. பழைய நிலைக்கல்லும் புதிய செங்கல்லும் நிறம் வேறுபட்டுத் தெரியும்.
(ஆ) உரிமையாளரைக் கொண்டு அந்த வாசலைத் திறப்பிக்க வேண்டும்.
(இ) வாசல் திறந்ததும் கபே மீதான தடையை நீக்க வேண்டும். இரும்புக் கதவு பற்றிய உண்மையைத் தங்கள் பதிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குத்தகையை முறிக்க உரிமையாளர் வழக்குத் தொடுத்தால் அது அவர்களுக்கு உதவும்.

12. நாங்கள் நான்கு பேர், பிள்ளையோடு ஐந்து பேர், இந்தக் கட்டடத்தில் ஒருவருக்காக ஒருவர் வெளியேறாமல் இருக்கிறோம். நேற்று வின்சென்சோ என்னிடம், “உனக்கு எங்கே இடம் கிடைத்தாலும் போய்விடு, எங்களைப் பார்க்காதே” என்றார். இம்மனுவில் அவரும் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டேன். தடை விதிக்கப்பட்டவனின் பெயர் சேர்ந்தால் உன் அகதி விண்ணப்பத்துக்குக் கெடுதல் வரும் என்று மறுத்துவிட்டார். ஆகையால் இதன் அடியில் என் கையொப்பம் மட்டுமே உள்ளது. அவருடையதும் இருப்பதாக எண்ணிப் படித்து, குளிர் முற்றுமுன் ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
அ. சூசைதாசன்

இடம்: ஃபாரஸ்ட் கேட், லண்டன்
திகதி: 9 ஒக்டோபர் 1990