சம்பந்தியோடு கொக்கு எண்ணியது

சம்பந்தி, உங்கள் பைனாகுலரை உங்கள் மகன், என் மாப்பிள்ளை, என்னிடமே கொடுத்துவிட்டார். இன்று காலை கழுத்தில் மாட்டியதும் வாரிலிருந்து தைல வாசனை வந்தது. கண்மாய்ப் பனிக்குப் பயந்து நெற்றி, கழுத்து என்று அப்பிக்கொண்டு வருவீர்களே, அதே வாசனை. கீழக்குயில்குடிப் பக்கத்துக் கண்மாயில் இந்தத் தை மாதமும் பறவைக் கணக்கெடுப்பு. தண்ணீர் நிறையக் கிடக்கிறது, நாரைகளும் நிறைய வந்திருக்கின்றன. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதல் வருடம் நாம் அடித்த கூத்து எனக்கு மறக்காது. ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருந்த நம் இருவரையும் மாப்பிள்ளைதான் பேர் கொடுத்து அனுப்பினார். கரையின் ஒரு பகுதிக்கு இரண்டு பேர். இருவரும் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒத்துவராவிட்டால் மறுபடி எண்ண வேண்டும். முதல் சில வளைவுகளில் நமக்கு ஒத்துவராமல் போகவே இல்லை. "எம்புட்டு சம்பந்தி?" என்று கேட்பேன். நீங்கள் சொல்வதுதான் என் கணக்கும். நான் முந்திக்கொண்டால் நீங்களும் அப்படியே. பந்தியில் 'நீங்க மொதல்ல உக்காருங்க' என்று உபசரிக்கிற மாதிரிதான் நாரைகளை எண்ணினோம்.

கணக்கெடுப்பை நடத்திய கல்லூரிப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, பறவையப் பாத்து எண்ணுறீங்களா, ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்து எண்ணுறீங்களா?" நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வளைவில் நான் கொக்குகளை எண்ணிச் சொன்னேன். நீங்கள் தலையாட்டவில்லை. "இல்ல சம்பந்தி, தப்பு. கருவ முள்ளுல மாட்டிக் கெடக்குற பாலித்தீன் பையவும் சேத்து எண்ணிட்டீக." பார்த்தேன், பைதான். கல்யாணம் பேசிய நாளிலிருந்து நீங்கள் என்னை மறுத்துப் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நானும் விடவில்லை. முங்கி வேறு இடத்தில் எழுந்த முக்குளிப்பானை நீங்கள் இரண்டாக எண்ணியதைப் பிடித்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் அதையும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பு பார்த்த லேப் வேலைக்குத் திரும்பப் போக என் மகள் ஆசைப்பட்டாள். நீங்கள் வேண்டாம் என்றிருந்தீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் வாயைத் திறக்கலாமா என்று அதுவரை விழுங்கிக்கொண்டிருந்தேன். "அவள வேலைக்கு விடாம வச்சிருக்கது எனக்குச் சரியாப் படல சம்பந்தி" என்றேன். நீங்கள் தண்ணீரையே பார்த்தீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனோ என்று தவித்துப்போனேன்.

சில நாள் கழித்து அவள் போன் செய்தாள். "அப்பா, மாமாவே வண்டியில ஏத்திட்டுப் போயி லேப்ல விட்டாரு." அதைப் பற்றி நீங்கள் என்னிடம் பேசவே இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் பார்த்தபோது, "சண்டைக்கு ரெடியா சம்பந்தி?" என்று மட்டும் கேட்டீர்கள்.

உங்கள் காரியத்தன்று வந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளையிடமும் சம்பந்தியம்மாவிடமும் துக்கம் கேட்டார்கள். சம்பந்தி போனதற்கு யார் என்னிடம் வந்து கேட்பார்கள்? நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று வேலைக்குப் போகிற வழியில் மகள்தான் ஸ்கூட்டியில் என்னைக் கண்மாய்க் கரையில் இறக்கிவிட்டாள். உடனே கிளம்பாமல் நின்றாள். "உங்களுக்குத்தாம்ப்பா ரொம்பத் தனியாப் போச்சு" என்றாள். நான் பழைய ஆளாக இருந்திருந்தால், அதெல்லாம் ஒன்றுமில்லை, நேரமாச்சு நீ கிளம்பு என்று சொல்லியிருப்பேன்.

"ஆமாத்தா" என்றேன்.