ஷாட்கி என்கிற வீட்டுப் பேர்

ஸ்ரீபெரும்புதூர்
20-11-1991

அன்புள்ள கமலினிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே அறிவிக்கிறது. அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது, இருமல் போய்விட்டது என்று பொய் எழுதாதே.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று பக்கம் ஜெர்மனியின் குளிரைப் பற்றி எழுதிவிட்டு நாலாம் பக்கத்து ஓரத்தில், கூட வேலை பார்க்கும் மத்தியாஸ் ஷாட்கியை மார்ச்சில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்கிறாய். முக்கியமான விஷயம் முதல் பத்தியில் வர வேண்டும் என்று கான்வென்ட்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னையும் அதே கான்வென்ட்டில்தான் சேர்த்தேன். போகட்டும். கல்யாணத்துக்கு நீ அனுமதி கேட்கவில்லை, அதனால் மறுக்கும் சிரமம் எனக்கு இல்லை. கேட்டது ஒன்றுதான். பதிவு அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள், அவரவர் பேரை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்று இந்த வருஷம்தான் ஆகியிருக்கிறது, டிசம்பர் பத்துக்குள் சொல்ல வேண்டும், அப்பா இருந்தால் அவரைக் கேட்டிருப்பேன், இல்லாததால் உன்னைக் கேட்கிறேன் என்று. இரண்டாம் இடம் எனக்குப் பழக்கம்தான்.

கோவிலிலிருந்து திரும்பும் வழியில் கோதண்டம் சித்தப்பா வந்தார், படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை என்ன கோத்திரம் என்று கேட்டார், கேட்ட பிறகு தானே வெட்கப்பட்டு, அதை மறைக்க இன்னும் உரக்கப் பேசினார். ஊர்ல எப்படி மன்னி தலைகாட்டறது, உடையவர் அவதாரம் பண்ணின ஊரோட பேர் என்னாகும் என்றார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்த ஊர்ப் பேரைச் சொன்னால் மதராஸில் யாரும் உடையவரை நினைப்பதில்லை, உச்சுக்கொட்டுகிறார்கள் என்றேன். காபியை எடுத்துக் குடித்தார். அந்த நேரம் பார்த்து நம் பின்கட்டில் குடியிருக்கும் ஷெர்லின் ஷிப்ட் முடிந்து வந்தாள். வடக்குப்பட்டுப் பெண், ஒரகடம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. பேரைக் கேட்டதும், இன்னா மாமி, ஷாட்கின்னு ஆளு வேற கீறாரா, நான் தெனம் எட்டு மணி நேரம் அதைத்தானே போர்டுல சொருவிக்கினு கீறேன் என்று சிரித்தாள். கறுப்பாக, நெல்மணி அளவில் ஒரு டயோடாம், ஒரு முனையில் வெள்ளைக் கோடு இருக்குமாம். மின்சாரம் அதில் ஒரு பக்கமாகத்தான் போகும், கோட்டைப் பார்க்காமல் திருப்பிச் சொருகினால் சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிட்டுக் கத்துவாராம். உன் அப்பாவின் பௌதிகப் புத்தகத்தைப் புரட்டினேன், அந்தப் பேரில் ஒரு ஜெர்மன் விஞ்ஞானி இருந்திருக்கிறார், மத்தியாஸ் அவருக்கு உறவில்லை என்று நீ எழுதியதையும் பார்த்தேன். போயும் போயும் ஒரு சாமானோட பேரையா நம்ம பொண்ணு வெச்சிக்கணும் என்றார் சித்தப்பா. ஒரு பக்கமாகவே போவது அவர் பேச்சும்தான், வெள்ளைக் கோடு போட மறந்துவிட்டார்கள்.

மத்தியாஸ் தானே ஜகந்நாதன் என்று மாற்றிக்கொள்ளத் தயார் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசு. ஆனால் அவருக்குப் புரியும்படி சொல். ஜகந்நாதன் நம் வீட்டுப் பேர் இல்லை, உன் அப்பாவின் பேர். உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருந்ததால் அதை அங்கே போட்டார்கள். அதை அவர் எடுத்துக்கொண்டால் நம் வழக்கப்படி அவர் உன் அப்பாவின் பிள்ளை, உனக்கு அண்ணா. பிறகு இந்தக் கல்யாணம் கூடாது என்று சித்தப்பா சொல்வது நியாயமாகிவிடும்.

ஆகவே நீயும் மாற்றக் கூடாது, அப்பாவின் பேரை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது என்று சனிக்கிழமை உனக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டியும் வைத்தேன். நல்ல கடிதம், இரண்டு இடத்தில் எனக்கே கண் கலங்கியது. நேற்று ஷெர்லின் மதராஸ் போனவள் நான் கேட்டிருந்த பாஸ்போர்ட் பாரத்தைக் கொண்டுவந்தாள். அதில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. பதினெட்டு வயது வரை நான் வா. மரகதவல்லி, வாசுதேவன் மகள். கல்யாணமான மறுவாரம் ரேஷன் கார்டில் ஜ. மரகதவல்லி ஆனேன். என்னை யாரும் கேட்கவில்லை, டிசம்பர் பத்து வரை தவணையும் தரவில்லை. அடுத்தவர் கடிதத்தில் கால்புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற எனக்கு என் அப்பா விட்டுப்போனது தெரியவில்லை. ஒருநாள் அவர் என்னைப் பார்க்க வந்தபோது அந்தக் கார்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாற்பத்தேழு வருஷம் கழித்து நேற்றுத்தான் அது என் காதில் விழுந்தது.

சனிக்கிழமைக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உன் அப்பாவின் பேரையே வைத்துக்கொள் என்பதுதான் என் ஆசை, மறைக்கவில்லை. ஆனால் உன்னைக் கேட்டிருக்கிறார்கள், பதிலை நீ சொல். ஷாட்கி என்று சொன்னாலும் கடிதம் அந்தப் பேருக்கே எழுதுவேன், மேல்விலாசத்தில் பிழை வராது. எனக்காக முடிவு செய்தேன் என்று மட்டும் பின்னால் யாரிடமும் சொல்லாதே. பாரத்தில் வாசுதேவன் என்று எழுதினேன். எழுத்து நன்றாக விழுந்தது.

தலைக்கு எண்ணெய் வை. கல்யாணத்தை நான் வந்து சேருவதற்குள் முடித்துவிடாதே. மத்தியாஸின் அம்மா பேரையும், கல்யாணத்துக்கு முன் அவளுக்கு இருந்த வீட்டுப் பேரையும் மறக்காமல் எழுதி அனுப்பு, பத்திரிகையில் இரண்டையும் போட வேண்டும். ப்ரூப் பார்ப்பது தன் பொறுப்பு என்று தலைகாட்ட முடியாத கோதண்டம் சித்தப்பா சொல்லியிருக்கிறார். இருவரும் தீர்க்காயுசாக, சண்டை போட்டாலும் அன்றே சமாதானமாகி, நன்றாக இருங்கள்.

இப்படிக்கு, உன் அம்மா,
வா. ஜ. மரகதவல்லி