பையில் எறும்பு

மார்ச் 10, திங்கள்

எண்பத்தாறு. போன வாரமும் எண்பத்தாறு, அதற்கு முந்தின வாரமும் எண்பத்தாறு. கம்பெனி முதலுதவி அறை எடை மெஷினில் ஏறினேன், இறங்கினேன், சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறலாம் என்று குனிந்தால் ஷூவே காலில் இல்லை. ஏற்கெனவே கழற்றிவிட்டுத்தான் ஏறியிருக்கிறேன். நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரி தாயி, சிரி.

ராத்திரி சோற்றை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. டீயில் சர்க்கரை இல்லை. விடியற்காலை ஏரிக்கரையில் நடை, டிப்பர் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு. இதெல்லாம் அழகுக்காகவா? இருமினால் தொப்புளுக்குக் கீழே எலுமிச்சை அளவு ஒன்று எட்டிப் பார்க்கிறதே, அதற்காக. ரெண்டு பிள்ளையும் வயிற்றைக் கிழித்துப் பிறந்தவை. அந்தத் தையல் உள்ளே பிரிந்துவிட்டதாம். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஆபரேஷனுக்குத் தயார், ஆனால் எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வா என்கிறார். "இவ்ளோ கொழுப்பு மேல தையல் போட்டா நிக்காதும்மா. மறுபடி பிரிஞ்சிக்கும்."

ஜூன் கடைசியில் ஷட் டவுன். மெஷின்களைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஒரு வாரம் மூடுவார்கள். அதை விட்டால் டிசம்பர் கடைசி வாரம். காண்ட்ராக்ட் ஆளுக்குப் படுத்துக்கொள்ள வருஷத்தில் இந்த ரெண்டு வாரம்தான். மற்ற நாளில் ஒரு வாரம் போகாவிட்டால் என் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அதற்கப்புறமும் ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாதாம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜூனுக்குள் குறைய வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

மார்ச்சிலேயே இந்தக் காய் காய்கிறது. எனக்கு ஓவன் வாசலில் வேலை. பெயிண்ட் காய்ந்து சூடாக வரும் கார் பம்பரை இறக்கி ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். போன கோடையில் ரெண்டு பேர் மயங்கி விழுந்ததிலிருந்து கம்பெனிக்குப் பயம். அதனால் இன்று முதல் மறுபடி உப்புக்கரைசல். காலை மீட்டிங்கில் ஆளுக்கு ஒரு டம்ளர் சூப்பர்வைசர் சிவசங்கர் கண்முன்னால் குடித்துக் காட்ட வேண்டும். ஹெல்மெட் போடுவது மாதிரி இதுவும் பாதுகாப்புதானாம். அப்புறம் கேனில் இருந்து எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். இந்த வருஷம் ஆரஞ்சு வாசனை. போன வருஷ உப்பை யாரும் வாயில் வைக்கவில்லை என்று மாற்றிவிட்டார்கள் போல.

ஒரு விதத்தில் நல்லது. பதினோரு மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்போது ரெண்டு மடக்கு குடித்தால் நிற்கிறது.

மார்ச் 22, சனி

எண்பத்தாறு!

போனில் ஒரு பெண் சொல்கிறாள், பத்தே நாளில் இடுப்பு தெரியுமாம். காலையில் சியா விதை, மதியம் அவகாடோ. அவள் பின்னால் தெரிகிற சமையலறை என் வீட்டைவிடப் பெரியது. வாடி, வந்து ஒரு ஷிஃப்ட் பம்பர் இறக்கு, உனக்கு இடுப்பு இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஏப்ரல் 2, புதன்

இன்று கேன்டீனில் கேசரி. எனக்கு வந்ததைச் சுகப்பிரியா தட்டில் தள்ளினேன். பக்கத்து ஸ்டாண்டில் வேலை செய்கிற பெண், திருநெல்வேலிப் பக்கம், வடக்குப்பட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். காலையில் பரோட்டா, ராத்திரி பரோட்டா. ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கிறாள்.

"ஏக்கா, இப்படிப் பட்டினி கெடந்து மயங்கி விழப் போறீய" என்றாள்.

"விழுந்தா நீ தூக்குவியா?"

"நானா? கிரேனைத்தாம்க்கா கூப்பிடணும்."

சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அவள்மேல் என்ன கோபம்? அவளுக்கு என்ன தெரியும்? கட்டி இருப்பதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பம்பரைத் தூக்கும்போது அது வெளியே வரும். ஸ்டாண்டு ஓரத்தில் வயிற்றை அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததை இறக்குகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. வீடெல்லாம் பாயசம், வடை. நான் வெள்ளரிக்காய்.

அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா ஒரு வாய் துன்னாத்தான் இன்னா? ஒரு டம்ளர் பாயசத்துலயா நீ பெருக்கப் போற?" இவர் சோபாவில் சாய்ந்தபடி, "வுடும்மா, அவ ஸ்லிம் ஆகி சினிமாக்குப் போப் போறா" என்கிறார். ரகுபதி அவர்களே, ஸ்டாஃப் வேனில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் உங்கள் தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்கிறது. அதை யாராவது மெஷினில் ஏற்றிப் பார்க்கிறார்களா?

ஏப்ரல் 19, சனி

இன்று வீட்டில் சண்டை.

வேலை முடிந்து வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அத்தை பையின் முன்னால் நிற்கிறார். சுவரிலிருந்து ஒரு எறும்பு வரிசை நேராக என் பைக்குள் போகிறது.

"இன்னாத்தடி ஒளிச்சி வச்சி துன்ற?"

"ஒன்னும் இல்ல அத்தே."

"ஒன்னும் இல்லாத பைக்கு எறும்பு இன்னாத்துக்கு வருது? இங்க வெள்ளரிக்கா துன்ற மாரி வேஷம், அங்க கம்பெனில ஸ்வீட்டு. அப்பால எங்கேர்ந்து எடை கொறையும்? எறும்பு பொய் சொல்லுமாடி?"

பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினேன். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சீப்பு, ஐடி கார்டு, மாத்திரை அட்டை. வேறு என்ன இருக்கிறது? பார், நல்லாப் பார் கிழவி! — இது மனதுக்குள் சொன்னது. வெளியே சொன்னதும் ரொம்பக் குறைவில்லை. பிள்ளைகள் பயந்துபோய்விட்டன. இவர் வந்து, "எறும்புக்கெல்லாமா சண்டை போடுவீங்க?" என்று ஒரு நியாயம் சொன்னார்.

பட்டினி கிடப்பதுகூடப் பெரிதில்லை. பட்டினி கிடந்துகொண்டே திருட்டுத் தீனி தின்கிறவள் என்று பெயர் வாங்கினேன் பார், அதுதான் எரிகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

நான் அத்தையோடு பேசவில்லை. அத்தையும் என்னோடு பேசவில்லை. எறும்பு மட்டும் வந்துபோய்க்கொண்டிருக்கிறது.

மே 3, சனி

எண்பத்தேழு.

ஏறியிருக்கிறது. குறையவில்லை என்றால்கூடப் பரவாயில்லை — ஏறியிருக்கிறது! மதியச் சோற்றையும் பாதியாக்கினேனே! இனி எதை நிறுத்துவது, மூச்சையா?

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் ரெண்டு பஜ்ஜி வாங்கி நின்றபடியே தின்றேன். ருசியாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

நாளையிலிருந்து நடை கிடையாது, ஒன்றும் கிடையாது. கட்டி கிடந்தால் கிடக்கட்டும்.

மே 5, திங்கள்

நடந்தேன். ஏன் என்று தெரியவில்லை. முழிப்பு வந்துவிட்டது, படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. ஏரிக்கரை டீக்கடையில் ஒருவர், "இன்னாம்மா, தெனமும் நடக்கிற, அப்டியேதான் கீற" என்றார். அவரைக் கேட்டேனா நான்?

மே 8, வியாழன்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தது நான் இல்லை, எறும்பு.

பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். பாட்டிலை மட்டும் அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன், நேற்று மிச்சமிருந்த ஆரஞ்சுத் தண்ணீரோடு. காலையில் பார்த்தால் பாட்டில் மூடியைச் சுற்றி ஒரே எறும்பு. அத்தை அடுப்படியில்தான் நின்றார். பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கம்பெனிக்குப் போனதும் மீட்டிங்குக்கு முன்னால் கேன் நிரப்புகிற இடத்தில் போய் நின்றேன். கேன்டீன் ஆள் அந்தோணிராஜ் ஆரஞ்சுப் பொடியைக் கொட்டினார். அப்புறம் ஒரு பெரிய கவரைப் பிரித்துக் கவிழ்த்தார். சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை.

"இது உப்புக்கரைசல்தானே அண்ணா?"

"உப்பும் ஒரு கை போடுவோம்மா. வெறும் உப்பு போட்டா எவனும் குடிக்க மாட்றான்னு கம்ப்ளைன்ட். இப்ப பாரு, கேன் பத்த மாட்டுது."

தித்திப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இருமல் மருந்துகூடத்தான் தித்திக்கிறது. கம்பெனி மருந்து மாதிரி கொடுத்தது, நானும் மருந்து மாதிரி குடித்தேன். டீயில் அரை ஸ்பூன் சர்க்கரையை வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டு, இதை பாட்டில் பாட்டிலாக. அதுவும் எப்போது? பசித்தபோதெல்லாம். சோற்றைக் குறைக்கக் குறைக்க மயக்கம், மயக்கம் வர வர இது. மிச்சத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து, ராத்திரி தோசைக்குப் பதிலாகக் குடித்திருக்கிறேன்.

யார்மேல் கோபப்படுவது? கம்பெனி மேலா, அந்தோணிராஜ் மேலா? இத்தனை நாள் பாட்டிலைப் பையில் சுமந்துகொண்டே பையைக் கொட்டிக் காட்டினேனே, என்மேலா? எல்லோர்மேலும் படுகிறேன். நிறைய இருக்கிறது.

மே 9, வெள்ளி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான்.

மீட்டிங்கில் டம்ளர் வந்தது. வேண்டாம் என்றேன். சிவசங்கர், "சேஃப்டி ரூல்மா, குடிச்சே ஆகணும்" என்றார். "சக்கரத்தண்ணி சார் இது, நான் குடிக்க மாட்டேன்" என்றேன். "ஏன், சுகரா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் இன்னா? ஒடம்பைக் கொறைக்கணுமா? வேலை செய்ற எடத்துல அழகுப் போட்டியா நடக்குது?"

லைனே சிரித்தது.

"வயித்துல ஹெர்னியா சார் எனக்கு! எட்டு கிலோ கொறச்சாத்தான் ஆபரேஷன். உங்க பம்பரைத் தூக்கித் தூக்கித்தான் கொடல் வெளிய வருது. அழகுப் போட்டியாம்!"

சத்தம் ஓவனைத் தாண்டிக் கேட்டிருக்கும். ரெண்டு மாதமாக மறைத்ததை ஒரே மூச்சில் நானே கொட்டிவிட்டேன்.

ஐடி கார்டு போச்சு. பஸ்ஸில் சுகப்பிரியா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்குக் கிரேன்னு சொன்னேம்லாக்கா, தப்பா எடுத்துக்கிடாதீய" என்று அழுதாள். அவளைத் தேற்றுவதும் என் வேலை.

மே 10, சனி

போகவில்லை. கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

மே 12, திங்கள்

கூப்பிட்டார்கள். சிவசங்கர் முகத்தைப் பார்க்காமல், "செக்கிங் டேபிளுக்குப் போம்மா. தூக்குற வேலை வேணாம்" என்றார். லைட் போட்டு பெயிண்டில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நல்ல மனசு என்று நான் நினைக்கவில்லை. என் குடல் அவர் லைனில் வெளியே வந்தால் அவர்தான் பதில் எழுத வேண்டும். எதுவோ. உட்கார ஸ்டூல் இருக்கிறது.

கேனுக்குப் பக்கத்தில் இன்னொரு கேனும் வந்திருக்கிறது, வெறும் உப்பும் எலுமிச்சையும். அதை நானும் இன்னும் நாலு பேரும்தான் குடிக்கிறோம்.

மே 13, செவ்வாய்

பாட்டிலைக் கழுவி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அதில் நீர்மோர், உப்பும் கறிவேப்பிலையும் போட்டு. யார் ஊற்றியது என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

எண்பத்தைந்து. நர்ஸ் பெண் கை தட்டியது. தட்டாதே, இன்னும் கிடக்கிறது என்றேன். வெளியே வந்து நானே சிரித்துக்கொண்டேன், யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

எண்பத்து மூன்றரை. டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், தலையை ஆட்டினார். "கொறைஞ்சிருக்கு, ஆனா பத்தாது. டிசம்பர்ல வாங்க."

டிசம்பர்! அஞ்சரைக் கிலோவுக்கு ஆறு மாசமா? வெயிலில் உருகினேனே, அதெல்லாம் எங்கே போச்சு? ஆஸ்பத்திரி வாசலில் இவரிடம் கத்தினேன். வேனுக்கு நேரமாகிறது என்று வாட்சைப் பார்த்தவர், அப்புறம் வாட்சைப் பார்ப்பதை விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். கடைசியில், "சரி. நாளைலேர்ந்து நானும் நடக்கிறேன்" என்றார்.

நீங்கள் நடந்தால் என் வயிறு குறையுமா என்று கேட்டேன். ஆனாலும்.

ஜூன் 25, புதன்

வந்தார். ஏரிக்கரையில் பாதியிலேயே மூச்சு வாங்கிற்று. "தெனமுமா இவ்ளோ தூரம் வர?" என்றார். ஆமாம். தினமும். நாலு மாதமாக.

ஆகஸ்ட் 16, சனி

எண்பத்திரண்டு. போன மாதமும் எண்பத்திரண்டு. அசையவே இல்லை. கோபம் வந்தது. கோபத்தோடு நடந்தேன், அவ்வளவுதான். முன்பெல்லாம் மெஷின் அசைந்தால்தான் நடை என்று இருந்தது. இப்போது மெஷின் பாட்டுக்கு மெஷின், நான் பாட்டுக்கு நான்.

டிசம்பர் 26, வெள்ளி

பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். போன வாரம் எழுபத்தெட்டு, டாக்டரம்மா சரி என்றுவிட்டார். நேற்று ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். வருஷம் முழுக்க நானே சொல்லிக்கொண்டதை இன்று அடுத்தவர் சொல்கிறார், சுலபமாக இருக்கிறது.

அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். குனிந்து செருப்பைத் தேடும்போது பார்த்தேன் — சுவரோரமாக ஒரு எறும்பு வரிசை, நேராக அந்தப் பைக்குள்.

"இன்னாத்த அத்தே ஒளிச்சி வச்சி துன்றீங்க?"

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. பையை இழுத்துப் பிரித்தார். செய்தித்தாளில் சுற்றிய அதிரசம், விடிவதற்குள் எழுந்து சுட்டிருக்கிறார்.

"நான் துன்றதுக்கா? எல்லாம் முடிஞ்சி நீ கண்ணு முழிச்சப்பால, டாக்டரம்மா துன்னலாம்னு சொன்ன நாள்ல ஒன்னே ஒன்னு. வருஷப்பொறப்புக்குக்கூட நீ ஒரு வாய் துன்னலியே" என்றார்.

கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். பசி மட்டும்தான் இருந்தது.

பச்சைத் துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் வாசலில் நிற்கிறது. அத்தை இன்னும் அதிரசத்திலிருந்து எறும்பைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.