பிச்சிக்கு வெளியூர் ஜோடி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஆடி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சூர்யா அண்ணனுக்குத் தங்கை மாரிச்செல்வி எழுதுவது.

பிச்சிக்கு ஜோடி வந்தாச்சு அண்ணே, ரெண்டு ஸ்டேட் தாண்டி, ஏசி வண்டியில், டாக்டர் துணையோடு, ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஒரு ஆண் குரங்கு வந்து இறங்கியாச்சு!!!

என் பேஜில் போட்டிருந்தால் இந்நேரம் லைக் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். போட முடியவில்லை. என் போன் அம்மாவின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். அக்கா மகன் பாண்டிதுரையைப் பேச்சுப் பயிற்சிக்காக ராஜபாளையத்திலிருந்து இங்கே கூட்டி வந்திருக்கிறோம். அனுசியா அக்காவும் அவனும் உள்ளே இருக்கிறார்கள். நான் வெளியே பெஞ்சில்.

பிச்சி யாரென்று மறந்திருப்பாய். சிங்கவால் குரங்கு. கேரளாவில் ஒரு விலங்குப் பூங்காவில் பிறந்தவள். அவர்கள் கேமரா வைத்து நேரலையில் காட்டுவார்கள். அம்மா வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கிய குட்டியாக இருந்தபோதிருந்தே பார்க்கிறேன். அவளுக்கு முதலில் ரசிகர் பேஜ் ஆரம்பித்ததே நான்தான், அடித்துச் சொல்வேன். பி.காம். படித்தவளுக்குக் குரங்கைப் பற்றி யார் சொல்லித் தருவார்கள்? இங்கிலீஷ் கட்டுரைகளை ஆப்பில் போட்டு மொழிபெயர்த்து, புரியாததை நாலு தடவை படித்து, நானே கற்றுக்கொண்டேன்.

அங்கே வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? எந்தக் குரங்குக்கு எது அப்பா, எது அம்மா என்று எல்லாப் பூங்காக்களுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பிச்சி இருந்த கூட்டத்தில் அவள் அம்மாவின் தம்பியும் இருந்தான். கரியன் என்று பெயர். நல்லவன், குட்டியாக இருந்தபோது அவளைத் தூக்கிச் சுமந்தவன். அவள் வயசுக்கு வரப்போகிற சமயத்தில் அவனை வேறு பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே ரத்தத்தில் சேர்ந்தால் குட்டி நிலைக்காது, நிலைத்தாலும் குறையோடு பிறக்கலாம் என்பதால்.

இதைத்தான் போன மாசம் வீடியோவாகப் போட்டேன். "தாய்மாமன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் பிச்சிக்கு மாப்பிள்ளை ஆக முடியாது மக்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சத்தியமாகக் குரங்கை மட்டும் நினைத்துத்தான் சொன்னேன். எவனோ ஒருத்தன் "அப்போ எங்க ஊர்ல பாதிக் கல்யாணம் கேன்சலா தாயி" என்று கமெண்ட் போட, அது வாட்ஸப்பில் கிளம்பி, மகாராஜபுரத்தில் நம் விஜயபாண்டி மாமா போனுக்கே போய்விட்டது. எனக்கும் மாமாவுக்கும் கல்யாணம் பேசி முடிக்க வீட்டில் ஏற்பாடு நடக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியாது போல.

அடுத்த தடவை வீட்டுக்கு வந்தபோது மாமா கோபப்படவில்லை. தேங்காய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "ஏட்டி, என்னையக் கொரங்குன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டிட்டியாமே. வாலு எங்கட்டி இருக்கு, செத்தப் பாத்துச் சொல்லு" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் போன பொறவு அம்மா போனைப் பிடுங்கினாள். "கொரங்குக்குப் பாக்கதெல்லாம் மனுசருக்குப் பாக்க முடியுமா? எந்தம்பிய விட்டுட்டு உன்னைய எவன்கிட்டக் குடுக்கச் சொல்லுத?" என்றாள். அப்பா மில்லுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

வந்த ஆண் குரங்கைப் பிச்சியோடு நேரே விட்டுவிடவில்லை அண்ணே. நடுவில் கம்பிவலை. அவள் வலை ஓரம் வந்து உட்காருகிறாளா, முதுகைக் காட்டுகிறாளா என்று தினமும் பார்க்கிறார்கள். அவள் முகம் கொடுக்காவிட்டால் கதவைத் திறக்க மாட்டார்களாம். வேறு ஆணைத் தேடுவார்களாம். நேற்று அக்கா போனில் பார்த்தேன். அவன் வலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் தூரத்தில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை விரட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்காவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

பாண்டிதுரைக்குக் காதில் மெஷின் வைத்த பிறகு, கதவைத் தட்டினால் திரும்புகிறான். மதுரை டாக்டர் முதல் நாளே அக்காவிடம் "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டாராம். அத்தை மகன் என்று அக்கா சொன்னாளாம். அவர் எழுதிக்கொண்டாராம். போன வாரம் அக்கா இதை அம்மாவிடம் சொன்னாள். "எல்லாப் பிள்ளைக்குமா அப்படி வருது?" என்றாள் அம்மா. அதுவும் உண்மைதான். எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை. நானும் படித்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை. பட்டுச்சேலை என்ன கலர் என்று கேட்டார்கள். எதுவானாலும் சரி என்றேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மாமா மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. மாமாவாகவே இருந்தால் போதும் என்றுதான் தோன்றுகிறது. அதைச் சொல்ல வாயைத் திறந்தால் அம்மா, "உங்கண்ணனே சரின்னுட்டான், நீ என்னட்டி?" என்கிறாள். அப்பாவும், "சூர்யா சொன்னா சரிதாம்மா" என்று முடித்துவிட்டார்.

நீ சரி என்றாயா அண்ணே? அம்மா சொல்லித்தான் கேட்டேன். உன் வாயால் கேட்கவில்லை. மலை மேல் உன் ராணுவ போஸ்டில் டவர் கிடைக்கவில்லை என்று மூன்று வாரமாக வீட்டுக்கு உன் போனே இல்லையே, எப்போது கேட்டார்கள், எப்போது சொன்னாய் என்று எனக்குப் புரியவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம். மகாராஜபுரத்து ஆட்கள், கான்சாபுரத்து அத்தை வீடு, எல்லோரும் நம் வீட்டில் கூடுவார்கள். அதற்குள் எப்படியாவது கீழே இறங்கி வந்து அப்பா நம்பருக்குப் போன் போடு. ஸ்பீக்கரில் போடச் சொல். என்ன சொல்ல நினைக்கிறாயோ அதை எல்லோர் முன்னாலும் சொல். சரி என்பதுதான் உன் பதில் என்றால் அதையும் நீயே சொல்லிவிடு. நான் பேசாமல் வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

குளிரில் கையுறையைக் கழற்றாதே. பதில் போடு அண்ணே. ரெண்டே வார்த்தை என்றாலும் போடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக இருக்கும்
மாரிச்செல்வி