சுவருக்கு அப்பாலிருந்து ஆமென்

ஹோ நகரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள எடெமுக்கு,

உறுதியானதை முதலில் எழுதுகிறேன். உங்கள் இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்திருக்கிறது. ஸ்கேன் முடிவைப் பார்த்து வெள்ளிக்கிழமை டாக்டர் அகோர்லி சொன்னது இது. கால் வீக்கத்துக்கும் அதுதான் காரணமாம். நாள் முழுக்க பஸ் ஓட்டுவதல்ல. ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே உங்கள் போனில் சிக்னல் போய்விடுகிறது. அதனால் செலோர்ம் ஓட்டும் பஸ்ஸில் இந்தக் கடிதம் தமாலேக்கு வருகிறது.

தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்றும் டாக்டர் கேட்டார். இல்லை, குறட்டை நடுநடுவே அடங்கி நிம்மதியாகத் தூங்குவார் என்றேன். வானொலிக்கு இத்தனை வருஷம் செய்தி சேகரித்தவள், விசாரிக்காமல் சொன்ன பதில்.

முற்றத்தில் இதைச் சொன்னபோது பக்கத்து அறை யாவா அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உம் புருஷனுக்குக் குறட்டையா? அது லாரி மேடேறுற சத்தம்டி! திடீர்னு நிக்கும். அப்பாடா, கர்த்தர் காது கொடுத்துட்டாருன்னு சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் ஆமென் சொல்லுவேன். கொஞ்ச நேரத்துல, தண்ணிக்குள்ளேர்ந்து எழுந்த மாதிரி ஒரு இழுப்பு. மறுபடி லாரி கிளம்பிடும்" என்றாள். எதிர் அறைக்காரர்களும் சிரித்தார்கள். அவர்களும் ஆமென் சொல்கிறவர்கள்தானாம். ஒரு ராத்திரிக்கு எத்தனை ஆமென் என்று கேட்டேன். "ஜெபக் கூட்டத்துலகூட அத்தனை கிடையாது" என்றவள், என் முகத்தைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தாள்.

நேற்று அவளையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் சிரிக்காமல் கேட்டார். தொண்டை அடைத்து மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, அழுத்தம் எகிறுகிறது; ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இதயம் பாரம் இழுக்கிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தால் அது தளர்ந்துபோகலாம். தளர்ந்த இதயம் மூச்சை இன்னும் கெடுக்கலாம். உங்களுக்கு நடந்தது இதுதானா என்பதைச் சோதிக்காமல் சொல்ல மாட்டேன் என்றார். பகலில் கண் சொருகுவதும் இதனால் இருக்கலாமாம். போன மாதம் பஸ் பாலத்துச் சுவரில் உரசியதற்கு மழை காரணம் என்றீர்கள். அன்று மழை பெய்ததாக யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் முதலாளியிடம் பேசிவிட்டேன். உங்கள் பஸ்ஸுக்கு வேறு டிரைவர் வருகிறார். செவ்வாய்க்கிழமை செலோர்மோடு திரும்பி வாருங்கள், பயணியாக. "எடெம் அண்ணன் டிக்கெட் வாங்கி உக்காந்தா ஊரே வேடிக்கை பாக்கும்" என்கிறான் அவன். பார்க்கட்டும்.

யாவா அக்கா இனி ஆமென் சொல்ல மாட்டாளாம். சத்தம் நின்றால் சுவரைத் தட்டுவாளாம். "நீ அவனை எழுப்பலேன்னா நானே வந்து எழுப்புவேன்" என்கிறாள்.

தூக்கத்தைச் சோதிக்கும் கருவி அக்ராவிலிருந்து வியாழக்கிழமை வருகிறது. நம் கட்டிலிலேயே அதை மாட்டிக்கொண்டு படுக்கலாம். முடிவு அடுத்த புதன்கிழமை தெரியும். செவ்வாய்க்கிழமை நீங்கள் இங்கே வந்து செலோர்மின் பஸ்ஸிலிருந்து இறங்குவீர்களா என்பது மட்டும் உறுதியாகவில்லை. அதுவரை உங்கள் ஒவ்வொரு மூச்சும் முழுதாக வந்து போகட்டும்.

சுவர் அமைதியாக இருந்தும் தூக்கம் வராத,
செஃபாகோர்