ஆறாம் எண் குவளை

செப்டம்பர் 4, திங்கள்

ஓடிலோன் ஆகிய நான், வயது அறுபத்தெட்டு, சமையலறை மேசைமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்த நோட்டில் இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நோட்டே நம்பாது.

என் மூக்கு காணாமல் போய்விட்டது.

முகத்தில் இருக்கிறது. நேற்றைவிடச் சிவப்பாகவே இருக்கிறது. வேலைதான் செய்யவில்லை. போன வாரம் சைக்கிளில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மழையா அது, வட கடலைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். காலர் வழியாக ஒரு மீன் நுழைந்து கால்சட்டை வழியாக இறங்கிப் போனது. மறுநாள் ஜலதோஷம். இப்போது ஜலதோஷம் போய்விட்டது, போகும்போது வாசனைகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சாதாரண மூக்கென்றால் இவ்வளவு மை செலவு செய்ய மாட்டேன். பெல்ஜியத்தில் மூன்றே மூக்குகள். மற்ற இரண்டும் சந்தேகம் வந்தால் என்னுடையதைக் கேட்கும். ஒரு கிளாஸ் பீரை முகர்ந்து, அதிலுள்ள பார்லி விளைந்த வயலில் எந்தப் பக்கம் பசு நின்றது, அதற்கு எந்தக் கண் மங்கல் என்று சொன்னவன் நான். ஊர்த் திருவிழாவின் பீர்ப் போட்டிக்கு முப்பத்தோரு வருடமாகத் தலைமை நடுவன்.

திருவிழா இருபத்து நான்காம் தேதி. இருபது நாள் இருக்கிறது. மூக்குக்கு வழி தெரியும், வந்துவிடும்.

செப்டம்பர் 5

பரிசோதனை. வெங்காயம் — இல்லை. ஷூ பாலிஷ் — இல்லை. என் மனைவி அலிடாவின் பாலாடைக்கட்டி, அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள் — அதுவும் இல்லை.

அலிடா தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள்.

"பால் தீஞ்சு வீடே புகையா நிக்குது. அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிற. மூக்கு எங்க?"

"சிந்தனையில இருந்தேன்."

"நீயா?"

நாற்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவளிடம் இதற்கு மேல் மறைக்க முடியாது. சொல்லிவிட்டேன். "எல்கெக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

செப்டம்பர் 7

எல்கெ விஷயத்தை எழுதிவிடுகிறேன், எழுதினாலாவது தூக்கம் வருகிறதா பார்ப்போம்.

அலிடாவின் தம்பி தெயோஃபீல். அவன் மகள் எல்கெ, இருபத்தொன்பது வயது. நான்கு நாள் பல்மருத்துவரிடம் ஊரார் பல்லைச் சுத்தம் செய்கிறாள், மற்ற மூன்று நாள் அப்பாவின் பழைய மாட்டுக் கொட்டகையில் பீர் காய்ச்சுகிறாள். தெயோஃபீலுக்கு அந்தக் கொட்டகை வேண்டும். பால் கறக்கும் இயந்திரம் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். "மூணு வருஷமா என் மாடுங்க வெளிய நின்னு உன் பீரை வேடிக்கை பாத்தது போதும்" என்றிருக்கிறான். ஒப்பந்தம் இதுதான்: இந்த வருடம் அவள் பீர் முதல் பரிசு வாங்கினால் கொட்டகை அவளுக்கு. இல்லையென்றால் அக்டோபர் ஒன்றாம் தேதி அண்டாக்கள் வெளியே.

ஆக, அந்தக் கொட்டகை என் மூக்கின்மேல் நிற்கிறது. மூக்கோ ஊரிலேயே இல்லை.

செப்டம்பர் 9, சனி

ஃபிர்மின் பீர்க் கடைக்குத் துணிந்து போனேன். வெற்றி, மகத்தான வெற்றி.

நம் நாட்டில் ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று பிறந்த கிளாஸ் உண்டு. காம்பு வைத்தது, துலிப் பூ மாதிரி இடுப்பு வைத்தது, தடித்த குட்டை. அந்தக் கிளாஸ் கழுவாமல் கிடந்தால் ஃபிர்மின் அந்த பீரையே தர மாட்டான், "வேற எதாச்சும் குடி" என்பான். எனவே தூரத்திலிருந்தே ட்ரிப்பல் என்ற காட்டமான பீரின் கிளாஸைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி, முகர்வதுபோல் நெஞ்சை நிமிர்த்தி, "ஆ, ட்ரிப்பல். வாழைப்பழம். மிளகு. கன்னியாஸ்திரி மடத்தில் வேலை பார்க்கும், மனைவியை இழந்த ஒரு தோட்டக்காரன்" என்று அறிவித்தேன். ரெமி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தலையாட்டினான். ரெமி ஓய்வுபெற்ற தபால்காரன், எனக்கு அடுத்த நடுவன். மூன்றாவது நடுவன் ஃபிர்மினே.

மூக்கு எதற்கு? கண் போதும். பிழைத்தேன்.

செப்டம்பர் 12

செத்தேன்.

எல்கெ கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "மாமா, நான் ஜெயிச்சா, மாமா பாத்துக்கிட்டாருன்னு ஊர் சொல்லும். தோத்தா, ஊருக்குப் பயந்து தோக்கடிச்சாருன்னு நானே நினைச்சுக்குவேன். ரெண்டும் வேணாம். இந்தத் தடவை எல்லா பீருக்கும் ஒரே கிளாஸ். அடியில நம்பர் மட்டும்."

கடையில் கடுகு விழுதை அடைத்து விற்பார்களே, அந்தக் கண்ணாடிக் குவளைகளை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தாள். பேய்ப்படம் மாதிரி இருந்தது.

"கடுகுக் குவளையில ட்ரிப்பலா?" ரெமி எழுந்தே விட்டான். "பாதிரியாரைப் பனியனோட பூசை வைக்கச் சொல்லுவியா?"

எல்கெ அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "மாமா, பொறந்ததுலேர்ந்து உங்க கதையைக் கேட்டு வளந்தவ நான். ஒண்ணுகூட நிஜம் இல்ல. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நிஜத்தைச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

செப்டம்பர் 16

பயிற்சி. அலிடா குவளைகளில் ஊற்றித் தந்தாள், நான் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தேன். மூக்கில்லாதவனுக்கு மிஞ்சுவது இவை: நாக்கில் இனிப்பு, கசப்பு, புளிப்பு. தொண்டையில் சூடு. காதில் நுரை பொரியும் சத்தம். கையில் கனம். அவ்வளவுதான் சொத்து. கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள் என்பதை இப்போது வதந்தியாகத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கரிய பீரில் காப்பி வாசனை வருமாம். வரட்டும். புளிப்பு பீர் மட்டும் தாடையைப் பிடித்து இழுத்துத் தன் பெயரைச் சொல்லிவிடுகிறது.

ஒன்பதுக்கு இரண்டு சரி. அந்த ஒன்பதில் ஒன்று ஆறிப்போன தேநீர். அதை நான் பிரமாதமான பழுப்பு பீர் என்றேன்.

"சொல்லிடு" என்றாள் அலிடா.

"சொன்னா நாற்காலி போயிடும்."

"சொல்லலன்னா கொட்டகை போயிடும்."

இவளுக்கு வாதாடக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். எல்லாம் என் தப்பு.

செப்டம்பர் 23

நாளை. அலிடா என் டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறாள். தூக்குக்கயிறு மாதிரியே தொங்குகிறது.

செப்டம்பர் 24, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பூசை முடிந்ததும் ஊரே ஃபிர்மின் கடை முற்றத்தில். மேசைமேல் ஏழு கடுகுக் குவளைகள். தெயோஃபீல் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான், அளவெடுக்க வந்தவன் மாதிரி. எல்கெ கடைசி வரிசையில். பல்மருத்துவர் நாற்காலியில் அவளையே உட்கார வைத்தால் வரும் முகம்.

முதல் குவளையை மூக்கருகே தூக்கினேன். வெறும் காற்று. இந்தப் பக்கம் ரெமி என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பக்கம் ஃபிர்மின் என் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது — முப்பத்தோரு வருடமாக இவர்கள் பீரை முகர்ந்ததே இல்லை. என் முகத்தை முகர்ந்துதான் மார்க் போட்டிருக்கிறார்கள்.

என்ன முகம் வைப்பது? எந்த முகம் வைத்தாலும் அது தீர்ப்பு. எல்கெ பக்கம் பார்வை போனது. ஒரு நாள் மட்டும் நிஜம், என்று கேட்டாளே.

குவளையை வைத்துவிட்டு எழுந்தேன். "எனக்கு மூக்கு வேலை செய்யல. மூணு வாரமாச்சு. என்னால தீர்ப்புச் சொல்ல முடியாது."

ஒரு புறாகூட அசையவில்லை. பிறகு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கோயில் மணி தானாக இரண்டு தரம் அடித்தது. பதினெட்டு வருடமாகச் சிரிக்காத தெயோஃபீல் கைக்குட்டையைத் தேடினான்.

"உக்காருடா ஓடிலோன்" என்றான் ரெமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வருஷா வருஷம் ஒரு புளுகு விடுவ. ஆனா இதான் உச்சம்."

"நிஜமாத்தான் சொல்றேன்டா."

"காலர்ல மீன் போச்சுன்னியே, அதுவும் நிஜந்தானே?"

உட்கார்ந்தேன். இருப்பதைச் சொல்வோம், இல்லாததைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் முதல்முறை.

"ஒண்ணு. இனிப்பு. எழுந்து போகாத விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கு." "ரெண்டு. நுரை சீக்கிரம் சத்தத்தை நிறுத்திடுச்சு." "மூணு. கசப்பு, பின்னால ஒண்ணும் இல்ல." "நாலு. தொண்டை சுடுது, அதை மறைக்கத் தெரியல." "அஞ்சு. புளிப்பு. ரொட்டி வேணும்போல இருக்கு." கூட்டம் சிரிப்பதை நிறுத்தியிருந்தது. ஒன்றாம் எண்ணைக் காய்ச்சியவன் யாரென்று அவன் காது சிவந்ததிலேயே தெரிந்தது.

ஆறு. கசந்தது. உடனே விலகிக்கொண்டது. வாய் காய்ந்து, இன்னொரு வாய் கேட்டது. கொடுத்தேன். மறுபடியும் கேட்டது.

"ஆறு. சொல்லுடா" என்றான் ஃபிர்மின்.

"சொல்ல ஒண்ணும் இல்ல."

ரெமி குவளையைத் தூக்கிப் பார்த்தான். நடுவன் இரண்டு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு குவளையையும் முடித்ததில்லை. "காலி பண்ணிட்டியா?"

"தாகமா இருந்துச்சு. இன்னும் இருக்கா?"

ஏழாவதை யாரும் கவனிக்கவில்லை. ரெமியும் ஃபிர்மினும் ஆறு என்று எழுதினார்கள். அந்த எண்ணின் பெயர்ச் சீட்டைப் பிரித்தார்கள். எல்கெ.

கைதட்டல். எல்கெ என்னைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தெயோஃபீல் வந்து என் முதுகில் ஓங்கித் தட்டினான். "மூக்கு போச்சுன்னு ஒரு நாடகம், கடைசியில நம்ம வீட்டுப் பொண்ணு. கெட்டிக்காரன்யா நீ."

செப்டம்பர் 25

ஊர் முழுக்க என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. ரொட்டிக் கடைக்காரி. பாதிரியார். குதிரைகூட.

எல்கெ போன் எடுக்கவில்லை. பரிசைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாளாம், கொட்டகையைக் காலி செய்யப் போகிறாளாம். அலிடாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

நிஜத்தைச் சொன்னேனே. எழுந்து நின்று, ஊர் கேட்கச் சொன்னேனே. இன்னும் என்ன செய்யணும்? நெத்தில எழுதி ஒட்டிக்கணுமா?

செப்டம்பர் 27

மதியம். அலிடா சந்தைக்குப் போயிருந்தாள். நான் மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன், எங்கள் நாய் கைசர் காலடியில் படுத்திருந்தது. கதவைத் தட்டாமல் திறந்தாள் எல்கெ. திட்ட வேண்டியதையெல்லாம் வழியிலேயே ஒத்திகை பார்த்து வந்திருக்கிறாள், முகத்திலேயே தெரிந்தது.

"மாமா, ஒரே ஒரு கேள்வி கேக்கணும். நீங்க என்னை..."

நின்றுவிட்டாள். கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"மேசைக்கு அடியில என்ன?"

"கைசர்."

"அது எங்க போய்ப் புரண்டுட்டு வந்திருக்கு?"

"எப்பவும் போலத்தானே இருக்கு?"

குனிந்து பார்த்தேன். காது நுனி வரைக்கும் பன்றிச் சாணி. என் செருப்பில், என் கால்சட்டை மடிப்பில், நாற்காலிக் காலில். அதோடு ஒரு மணி நேரமாக உட்கார்ந்து, இரண்டாவது கிண்ணம் சூப்பும் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

எல்கெ கதவில் சாய்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கைக்குட்டை மூக்கிலிருந்து கண்ணுக்குப் போனது.

"அப்ப நிஜமாவே போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"ஆறாம் நம்பர் என்னோடதுன்னு தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

கைக்குட்டையை மடித்து வைத்தாள். "அப்ப நிஜமாவே பிடிச்சிருந்துச்சா?"

தலையாட்டினேன்.

படியிலிருந்து எழுந்ததும் கோபித்துக்கொள்ளவும் செய்தாள்: "அதுல எல்டர் பூ போட்டிருக்கேன் மாமா. அந்த வாசனைக்காக மூணு மாசம் உயிரை விட்டேன். அது தெரியாத ஒரே ஆளு எனக்குப் பரிசு குடுத்திருக்காரு."

இருவருமாகக் கைசரைக் குளிப்பாட்டினோம். இயந்திரத்துக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி அப்பாவிடம் இன்றே பேசிவிடுகிறாளாம்.

அக்டோபர் 8, ஞாயிறு

காலையில் அலிடாவின் பாலாடைக்கட்டி என்னை எழுப்பியது. மாடியில், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம். திரும்பி வந்துவிட்டது என் மூக்கு.

நேரே ஃபிர்மின் கடை. எல்கெயின் பீர் குழாயில் ஓடுகிறது. "ஒண்ணு குடு" என்றேன். தர மாட்டேன் என்றான். அந்த பீருக்கென்று அவள் கொடுத்திருக்கிற கிளாஸ் இன்னும் கழுவவில்லையாம். அந்தக் கிளாஸ் என்ன? கடுகுக் குவளை. வரிசையாகக் கவிழ்த்து வைக்க அலமாரியில் தனி இடமே ஒதுக்கியிருக்கிறான். காத்திருந்து வாங்கினேன். முகர்ந்தேன். ரெமியின் அம்மா இருந்த காலத்தில் அவள் பீரோவைத் திறந்தால் அடிக்கும் வாசனை.

எல்கெ எதிரே நின்றாள். "எப்படி மாமா?"

சொன்னேன். பீரோவையும் சேர்த்து. கோபப்படவில்லை; அடுத்த தடவை பூவைப் பாதியாகக் குறைப்பதாகச் சொல்லி, சுவரில் தொங்கிய சிலேட்டில் குறித்துக்கொண்டாள்.

இப்போது இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். காலரில் மீன் போகவில்லை. மணி தானாக அடிக்கவில்லை. குதிரை கண்ணடித்ததா என்பது எனக்கே சந்தேகம். மூக்குகள் மூன்றுதான் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் ஆறாம் எண் குவளையைக் காலி செய்தது மட்டும் நிஜம். யாருடையது என்று தெரியாமல், நன்றாக இருந்ததால் குடித்தேன்.