சமையலறை சேதமடையவில்லை

பரந்தன்
11.02.2025

அன்பின் றிம்ஸி,

சுகம் விசாரித்துத்தான் தொடங்கவேண்டும். உம்மாவின் கால் வீக்கம் குறைந்துவிட்டதா? கடை எப்படிப் போகிறது? என் சுகத்தை இதோடு வருகிற நிழற்பிரதியில் பார்த்துக்கொள். உன்னுடைய காப்புறுதிக் கம்பனி மூன்று கிழமைக்கு முன்னம் அனுப்பியது. உனக்கு எழுத எனக்கு இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. நாலு தரம் தொடங்கி நாலு தரமும் கிழித்தேன்.

இரண்டாவது பந்தியை வாசி. "பிரதான கட்டடத்தினுள் அமைந்துள்ள சமையலறை சேதமடையவில்லை என்பது எமது மதிப்பீட்டாளரால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம்."

சேதமடையவில்லையாம்! மார்கழி மாதக் காற்றில் வேப்பமரம் அடியோடு சரிந்து எங்கள் குசினிக்கு மேல் விழுந்தது. கூரைச் சீற் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிணற்றுப் பக்கச் சுவர் இருந்த இடத்தில் கல்லுக் குவியல். அதற்குப் பத்து நிமிடம் முன்னம் பிள்ளை அந்தச் சுவரோடு இருந்துதான் சட்டி மூடியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். உடுப்பை நனைத்துவிட்டாள் என்று மாற்றுவதற்காக வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவுதான் வித்தியாசம். இப்போதும் காற்று கொஞ்சம் கூடினால் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறேன். அயலவர் சிரிக்கிறார்கள்.

எங்கள் வீட்டை நீ பார்த்திருக்கிறாய். வீட்டுத்திட்டத்தில் வந்த வீடு. உள்ளே ஒரு சின்ன அறையைக் கட்டி, பிளானில் "சமையலறை" என்று எழுதித் தந்தார்கள். விறகு எரித்தால் வீடு முழுக்கப் புகை. இந்த றோட்டில் இருக்கிற எல்லாரையும் போல நாங்களும் அதில் நெல் மூட்டையை அடுக்கிவிட்டு, வளவில் பத்தடி தள்ளிக் கல்லால் குசினி கட்டினோம். நீ வந்தபோதெல்லாம் அங்கேதான் பலகையில் இருந்து தேத்தண்ணி குடித்தாய்.

மதிப்பீட்டாளர் என்று வந்தவர் கையில் பிளானை விரித்துக்கொண்டு "விழுந்தது எங்கை?" என்று கேட்டார். மாமி மரம் விழுந்த பக்கம் கையைக் காட்டினா.

"அது இல்லை அம்மா. பிளானிலை உள்ள சமையலறை."

உள்ளே போய், மூட்டை அடுக்கின அறையைப் படம் எடுத்தார். "இது நல்லாத்தானே இருக்கு."

"தம்பி, நெல்லு மூட்டைக்கு மேலை வைச்சே நான் சோறு காய்ச்சிறது?" என்று கேட்டா மாமி. அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். அவர் எழுதியதுதான் இந்தக் கடிதம்.

பிறகு விண்ணப்பப் படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நாலாம் பக்கம். "சமையலறை பிரதான கட்டடத்தினுள் உள்ளதா? ஆம். புறம்பான கட்டடங்கள்? இல்லை." உன்னுடைய கையெழுத்து. வவுனியா கம்பஸில் மூன்று வருசம் உன் நோட்ஸைப் பார்த்து எழுதினவளுக்கு, உன் "ஆ" எப்படி வளையும் என்று தெரியாதா?

எனக்கு ஒரு உதவி செய். கிளை முகாமையாளருக்கு எழுதிக் கொடு: இந்தக் கேள்வியை நான் யதுர்ஷிகாவிடம் கேட்கவில்லை, நானாகவே நிரப்பினேன் என்று. கையொப்பத்தோடு.

ஏன் போன் எடுக்கவில்லை என்று யோசிப்பாய். எடுத்தால் நீ சமாதானம் சொல்லுவாய், நானும் "சரியடி" என்று வைத்துவிடுவேன். உங்கள் ஆட்களோடு மூன்று தரம் போனில் கதைத்துப் படித்தது ஒன்றுதான்: வாயால் சொன்னது எதையும் அவர்கள் சொன்னதாக எடுப்பதில்லை. மாமி சொல்லுகிறா, "பொலிசியும் பொலிசும் ஒண்டுதான். வேணுமெண்டு கூப்பிட்டால் ஒண்டும் வராது."

கோபத்தோடும், அதைவிடக் கூடின பயத்தோடும்,
யதுர்ஷிகா


வவுனியா
18.02.2025

அன்பின் யது,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே உடைத்தேன். வாசித்துவிட்டு அப்படியே நின்றதைப் பார்த்து றம்சீன் "ஆருக்கு என்னவாம்?" என்று ஓடிவந்தார். பிள்ளை அந்தச் சுவரோடு இருந்தாள் என்ற வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். என் மனுசன் கணக்குக் கொப்பியை மூடி வைத்துவிட்டார்.

உனக்குக் கோபம் வருவது நியாயம். கடிதத்தைப் பார்த்தபோது எனக்கே வந்தது. ஆனால் நீ கேட்டபடி என்னால் எழுத முடியாது. ஏனென்றால் நான் கேட்டேன், யது.

நீ ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாய். பிள்ளை வயிற்றில், எட்டு மாதம். நான் பலகையில் இருந்து படிவத்தை ஒவ்வொன்றாக வாசித்தேன். "சமையலறை வீட்டுக்குள்ளைதானே?" என்று கேட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஓமடி, பிளானிலை இருக்குத்தானே, பாத்து எழுது" என்றாய். நான் எழுதினேன். ஒரு குசினிக்குள் இருந்துகொண்டு, சமையலறை வேறு இடத்தில் என்று எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். ஆனால் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

இன்னொரு பிழையும் என்னிடம் இருக்கிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் பொலிசி வங்கிக் கடன் தொகைக்குத்தான் போட்டது. வங்கி அதைத்தான் கேட்டது. வீட்டை இன்றைய விலையில் திரும்பக் கட்ட அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தால், சின்னச் சேதத்துக்கும் பாதியைத்தான் தருவார்கள். முழுப் பெறுமதிக்குப் போடு என்று நான் சொல்லியிருக்கவேண்டும். கட்டணம் கூடும், நீ வேண்டாம் என்பாய் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

செய்யவேண்டியது இதுதான். மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியைக் கடிதம் எழுதிக் கேள். தர மாட்டோம் என்றால் அதையும் எழுத்தில் கேள். கிராம அலுவலரிடம், நீங்கள் வளவுக் குசினியில்தான் சமைக்கிறீர்கள் என்று கடிதம் வாங்கு. விழுந்த மரத்தையும் கல்லையும் இன்னும் அகற்றவில்லை என்றால் நாலு பக்கமும் படம் எடு. மேன்முறையீட்டை நானே உனக்கு எழுதித் தருகிறேன்.

வெளியேற்றப்பட்டுப் பல வருசத்துக்குப் பிறகு வாப்பா முல்லைத்தீவுக்குத் திரும்பிப் போனபோது எங்கள் வீட்டில் நாலு சுவரும் அதற்குள் வளர்ந்த பற்றையும்தான் இருந்தன. கூரை இல்லாமல் நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். என்னைக் கம்பனிப் பக்கத்து ஆளாக்கிவிடாதே.

பிள்ளைக்கு முத்தங்கள்.
உன் றிம்ஸியா


பரந்தன்
02.03.2025

றிம்ஸியா,

உன் கடிதம் வந்த அதே கிழமை பிள்ளை கையைச் சுட்டுவிட்டாள். விறாந்தையில் காஸ் அடுப்பு வைத்துச் சமைக்கிறேன், உள் அறை முழுக்க நெல், வேறு எங்கே வைப்பது? குழம்புச் சட்டியை இறக்கி நிலத்தில் வைத்தேன். திரும்பி உப்பை எடுப்பதற்குள் இரண்டு விரலும் சட்டியில். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கேட்டா, "ஏன் தங்கச்சி, பிள்ளை தவழுற இடத்திலையோ சமைக்கிறது?" அவாவுக்கு என்ன சொல்ல? "என் சமையலறை சேதமடையவில்லை" என்று உங்கள் கடிதத்தைக் காட்டவா?

நான் "ஓம்" சொன்னேனாம். ரொட்டி போட்டுக்கொண்டு சொன்னேனாம். எனக்கு அப்படி ஒரு ஞாபகமும் இல்லை. எட்டு மாதக் கர்ப்பிணி அடுப்படியில் நின்று சொல்லாத சொல்லைச் சொன்னதாக எழுதுகிறாய், எனக்கு மேன்முறையீடும் எழுதித் தருகிறேன் என்கிறாய். மதிப்பீட்டாளருக்குப் பிளான் தெரியும், குசினி தெரியாது. உனக்கு இரண்டும் தெரியும். அப்படியிருந்தும் நீ எழுதினாய்.

கொமிசன் வாங்கும்போது சிநேகிதி, கையொப்பம் கேட்கும்போது ஏஜென்ட். விதுசன் முல்லைத்தீவு வேலையால் வந்த சனிக்கிழமை இதைத்தான் சொன்னார். நான் உனக்காகக் கட்டின மனுசனோடு சண்டை பிடித்தேன். இனிப் பிடிக்க மாட்டேன்.

தலைமை அலுவலகத்துக்கு உன் பெயரைப் போட்டு முறைப்பாடு எழுதி நேற்றுப் பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். கேட்காமலே நிரப்பினாய் என்று எழுதியிருக்கிறேன். உனக்கு முன்னமே தெரியவேண்டும் என்பதால்தான் இது.

யதுர்ஷிகா


வவுனியா
27.03.2025

யதுர்ஷிகா,

விசாரணை முடிந்தது. நோன்போடு மூன்று மணித்தியாலம் ஒரு கதிரையில் இருந்தேன். கொழும்பிலிருந்து வந்தவருக்கு ஒரு தாளில் உன் வளவைக் கீறிக் காட்டினேன்: இது வீடு, இது கிணறு, இது குசினி. அவர் கேட்டார், "அப்ப உள்ளுக்கை இருக்கிறது என்ன?" "நெல்லு," என்றேன். "அப்ப ஏன் சமையலறை எண்டு போட்டிருக்கு?" "கட்டித் தந்த ஆக்கள் போட்டது," என்றேன். அவருக்கு அது பகிடியாக இருந்தது.

கடைசியில், "ஆற்றை பிழை எண்டு ஒரு வரியிலை எழுதுங்கோ," என்றார். எழுதினேன். பிரதி இதோடு இருக்கிறது: "வாடிக்கையாளர் வளவுக் குசினியில் சமைப்பதை நேரில் பார்த்திருந்தும் அதைப் படிவத்தில் பதியாதது எனது தவறு."

நீ "ஓம்" சொன்னதை எழுதவில்லை. எழுதினால் உனக்குத் தர மாட்டார்கள். கேட்கவில்லை என்றும் எழுதவில்லை. இதற்குமேல் என்னால் வளைய முடியாது.

உன் கோரிக்கையை ஏற்பார்கள். பாதிப் பெறுமதிக்குப் போட்டதால் பாதிதான் வரும். என்னுடைய ஏஜென்ட் இலக்கத்தை ரத்துச் செய்துவிட்டார்கள். ஆறு வருச வேலை.

பிள்ளையின் விரல் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். சுட்ட தழும்பில் வெயில் படவிடாதே.

இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

றிம்ஸியா


பரந்தன்
10.04.2025

அன்பின் றிம்ஸி,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இந்த முறையும் பிந்தித்தான்.

கம்பனியிடமிருந்து ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. அதோடு ஒரு தாள்: "இதனை முழுமையான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்." கையொப்பம் போட்டு அனுப்பவேண்டியதுதான். பேனையைத் தேடும்போது, உன் ஒற்றை வரியை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை நிலத்தில் வைத்தா.

"அந்தப் பிள்ளை ஏன் தன்ரை தலையிலை போட்டவள்? நீயெல்லோ ஓம் எண்டனீ."

"நான் எப்ப மாமி?"

"ரொட்டி சுடேக்கை. நான் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தனான். பிளானைப் பார் எண்டு சொன்னனீ. நானும் ஓம் எண்டுதான் நினைச்சனான். சமையலறை உள்ளுக்கைதானே. வெளியிலை இருக்கிறது குசினியெல்லே."

றிம்ஸி, அதுதான் நடந்தது. எங்களுக்கு அது இரண்டு சொல், இரண்டு இடம். அந்த நேரம் யாராவது "உங்கடை குசினி எங்கை?" என்று கேட்டிருந்தால் நித்திரையிலும் வளவைக் காட்டியிருப்பேன். நீ படிவத்தில் இருந்த சொல்லால் கேட்டாய். நான் பிளானில் இருந்த சொல்லால் பதில் சொன்னேன். பிறகு அதை மறந்துவிட்டு உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன்.

மறுநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு றோட்டில் இறங்கினேன். எங்கள் ஒழுங்கையில் வங்கிக் கடனுக்காகக் காப்புறுதி போட்ட வீடு பதினொன்று. ஒவ்வொரு வீட்டிலும் படிவத்தை எடுப்பித்துப் பார்த்தேன். அதே கம்பனி, வேறு ஏஜென்ட், வேறு கையெழுத்து. பதினொன்றில் ஒன்பதில் "சமையலறை உள்ளே: ஆம்." ஒன்பது வீட்டிலும் குசினி வளவில். பத்மாசனி அக்கா படிவத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு கேட்டா, "அப்ப நான் மூண்டு வருசமாய்க் காசு கட்டினது நெல்லு மூட்டைக்கோ?"

எனக்கு உன்மேல் வந்த கோபமெல்லாம் அங்கே நின்றபடி இடம் மாறியது. ஒன்பது பேர் ஒரே பிழையை விட்டால் அது ஒன்பது பேருடைய பிழையா? எங்கள் வீடுகள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் படிவம் அச்சடிக்கிறார்கள். எங்களிடம் காசு வாங்கும்போது கேள்வியை இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லுகிறார்கள். மரம் விழுந்த பிறகு மட்டும் அதே கேள்வியை எழுத்து எழுத்தாக வாசிக்கிறார்கள். வாசிக்கத் தெரியாமலா இருந்தார்கள்? அவர்களில் ஒரு முகாமையாளருக்கும் வேலை போகவில்லை, ஒரு மதிப்பீட்டாளருக்கும் போகவில்லை. உனக்குத்தான் போனது.

அந்தத் தாளில் நான் கையொப்பம் போடவில்லை. கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். கேள்வி கேட்கப்பட்டது, "ஓம்" என்று சொன்னது நான், முறைப்பாட்டில் நான் எழுதியது பிழை, ஏஜென்ட்டின் இலக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். ஒன்பது வீட்டின் படிவமும் படமும் இணைத்து, இப்போதே எல்லாப் படிவத்தையும் திருத்தித் தாருங்கள், மரம் விழும்வரை காத்திருக்க மாட்டோம் என்றும் எழுதினேன். ஒன்பது பேரும் கையொப்பம் போட்டார்கள். இதே பிரதி காப்புறுதி முறைப்பாடு விசாரிக்கிற அதிகாரிக்கும் போயிருக்கிறது.

விதுசன் தலையில் கையை வைத்தார். "விசரே உனக்கு? தாறன் எண்டு சொன்னவன் இதை வாசிச்சிட்டுத் தருவானோ?" தராமலும் விடலாம். எனக்கு அது தெரியும். இரண்டு இரவு அந்தத் தாளை அலுமாரியில் இருந்து எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருந்தேன். குசினி இல்லை. விறாந்தையில் இன்றைக்கும் அதே அடுப்பு. பிள்ளையை இடுப்போடு துணியால் கட்டிக்கொண்டு சமைக்கிறேன், கனக்கிறாள். ஆனால் உன் இலக்கத்தை விற்றுக் கட்டின குசினியில் அவளுக்கு நான் எப்படிச் சோறு தீத்துவேன்?

காலையில் பரந்தன் தபாற்கந்தோரில் கம்பனிக்கு எழுதின கடிதத்தை முதலில் போட்டேன். அது பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இனி மனம் மாறினாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கம்பனி உன்னைத் திரும்பக் கூப்பிடும். எனக்காக எதையும் ஒளிக்காதே. போய்ச் சொல்லு: நீ கேட்டாய், நான் ஓம் சொன்னேன்.

யது